முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள்

நாகப்பட்டினத்தில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் கொள்ளுத்தாத்தா கட்டிய வீட்டைச் சரிசெய்யலாம் என்று இறங்கியிருக்கிறோம். இன்னும் ஒரு கரண்டி கலவைகூடப் போடவில்லை, அதற்குள் காது புளித்துவிட்டது. பார்க்க வந்த இன்ஜினியர், கான்ட்ராக்டர், விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள், எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான்: "இடிச்சுத் தள்ளிட்டு பில்லர் போட்டுக் கட்டுங்க தம்பி." வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். புது வீட்டுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு ஆகும் என்கிறார்கள். பழுது பார்க்க என்ன ஆகும் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

அப்படி இடித்துத் தள்ளும் நிலையிலா இருக்கிறது இந்த வீடு? செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்து எழுப்பிய ஒன்றரை அடிச் சுவர். முன்கட்டுக்கு மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாகச் சாய்த்து அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு பதித்த தளம். பின்கட்டு ஓட்டுக்கூரை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தபோது பின்கட்டு ஓடுகள் பறந்தன, சுவர் அசையவில்லை. அதே தெருவில் இதற்கு எத்தனையோ காலம் பின்னால் வந்த கான்கிரீட் வீடுகளில் சன்ஷேடு உதிர்ந்து கம்பி தெரிகிறது. உப்புக் காற்றில் வரும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அதனால் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. கடலோரத்தில் கம்பி என்ன பாடு படும் என்று தெரிந்தவர்களே, கம்பியே இல்லாத வீட்டை இடித்துவிட்டுக் கம்பி கட்டச் சொல்கிறார்கள். இதை எங்கே போய்ச் சொல்ல?

வீட்டுக்கு வந்திருக்கும் நோய் ஓதம். அது எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவர், பக்கத்து ஊர்க் கோயில் வேலைக்கு வந்திருந்த வயதான கொத்தனார் ஒருவர். சுவர் பொரிகிறது என்று ஒரு காலத்தில் கூடத்துச் சுவரின் அடிப்பகுதிக்கு, இடுப்பளவு உயரத்துக்குச் சிமென்ட் பூசியிருந்தார்கள். அவர் உளியின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். சிமென்ட் இருந்த இடமெல்லாம் பொள்ளலாகச் சத்தம் கேட்டது. ஓரிடத்தில் நெம்பியதும் பலகைபோலப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே பழைய காரை மாவாகக் கிடந்தது, செங்கல் முகத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு ஊசிகள். சிமென்ட் படாத மேல்சுவரில் பழைய பூச்சு கல் மாதிரி இருக்கிறது. ஆனால் சிமென்ட் முடிகிற கோட்டுக்கு மேலே, நெஞ்சளவு உயரத்தில், புதிதாக ஓதக்கறை படர்ந்திருக்கிறது.

காரணம் ரொம்பச் சாதாரணம். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறி உலர்ந்துவிடும். சிமென்ட் போட்டு அடைத்தால் அந்த ஈரம் வழி தேடி இன்னும் மேலே ஏறும், உப்பையும் சேர்த்துக்கொண்டு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு கரைந்து கசியும், குறைந்தால் மறுபடி படிகமாகும். கடலோரத்தில் இரவில் கரைந்து, உச்சி வெயிலில் படிகமாகி, அந்தப் படிகம் செங்கல்லின் நுண்துளைகளை உடைக்கிறது. ஆக, சுவரைக் காப்பாற்றப் போட்ட பூச்சுதான் சுவரைத் தின்றுகொண்டிருக்கிறது. இப்போதும் வருகிறவர்கள் வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் கலந்து இன்னொரு கோட் சிமென்ட் அடிக்கச் சொல்கிறார்கள்.

ஓதத்துக்கு இன்னொரு காரணம் வாசலிலேயே இருக்கிறது. திண்ணைக்கு ஏற மூன்று படி இருந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டு, இரண்டு படி புதைந்துவிட்டது. மழைத்தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாமல் எங்கள் அடிச்சுவரில் வந்து நிற்கிறது. மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். அது எங்கள் தெருவரைக்கும் வந்து சேரவில்லை.

சரி, சுண்ணாம்பிலேயே செய்வோம் என்றால் சாமான் கிடைப்பதில்லை. கடையில் இருப்பது வெள்ளையடிக்கிற பொடி. பூச்சுக்கு வேண்டியது நன்றாக நீற்றி, ஊற வைத்து, வெண்ணெய் பதத்துக்கு வந்த சுண்ணாம்பு. கடுக்காய்த் தண்ணீரும் பனைவெல்லமும் எவ்வளவு சேர்ப்பது, மணல் எந்த அளவு என்பது கை பழகியவர்களுக்குத்தான் தெரியும். அவர்களும் கோயில் திருப்பணிகளில்தான் அகப்படுகிறார்கள், நம் வீட்டுக்கு வர நாள் கிடைப்பதில்லை. ஆனால் பழைய மர வியாபாரிகளுக்கு மட்டும் நாள் தாராளமாகக் கிடைக்கிறது. "எப்படியும் இடிக்கத்தானே போறீங்க" என்று பர்மா தேக்குத் தூணுக்கு விலை பேசுகிறார்கள். வயிறு எரிகிறது.

இது முடியாத காரியமும் இல்லை. சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் ஹுமாயூன் மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்பு கொண்டே மீட்டெடுத்தது. தரங்கம்பாடியில் பழைய வீடுகளை, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு புதுப்பித்துக் கொடுத்தது. அரண்மனைக்குத் தெரிந்த வைத்தியம் குடியிருக்கிற வீட்டுக்கு ஏன் வந்து சேரக்கூடாது? ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் சுண்ணாம்பு வேலையை முறையாகச் சொல்லிக்கொடுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் யார் யார் என்று மாவட்டத்துக்கு ஒரு பட்டியலாவது வையுங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டலம், 500 மீட்டர் எல்லை என்று அலைய வைக்கிற அலுவலகங்களே, இருக்கிற வீட்டைப் பழுதுபார்க்க என்ன தாள் வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

எங்கள் வேலை முறை இப்போது தெளிவாகிவிட்டது. முதலில் சிமென்ட்டை உரிக்க வேண்டும். தெருத்தண்ணீர் அடிச்சுவரை அண்டாமல் வடிகால் வெட்ட வேண்டும். சுவர் கோடை முழுக்க உலர வேண்டும். பிறகு மெல்லிசாக ஒரு சுண்ணாம்புப் பூச்சு. அது உப்பை உறிஞ்சிக் கெட்டுப்போகும், உரித்துவிட்டு மறுபடி பூச வேண்டும். இதெல்லாம் ஐப்பசி அடைமழைக்கு முன்னால் முடியாது, அடுத்த வருஷமும் இழுக்கும். இழுக்கட்டும். நூறு வருஷம் எங்களைத் தாங்கிய சுவருக்கு இரண்டு கோடை கொடுக்க எங்களால் முடியும். இடிக்கச் சொல்கிறவர்கள் அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளட்டும்.