நண்பனுக்கும் ஒரு கை எள்ளும் நீரும்

நம் முன்னோர் துக்கத்திற்கும் கணக்கு வகுத்துள்ளனர். பங்காளிக்கு இத்தனை நாள், தாய்வழி உறவினர்க்கு இத்தனை நாள் என்று அவரவர் குலவழக்கப்படி தீட்டுக் காக்கிறோம். உடன்பிறவாமல் உடன்வளர்ந்தவன் மறைந்தால் அவனுக்கு நாம் செய்யத்தக்கது யாது?

சென்ற தை மாதம் அடியேனின் பால்ய நண்பர் சிவபதம் அடைந்தார். 'அவர்' என்று எழுதக் கை கூசுகிறது. 75 ஆண்டுகளாக எனக்கு அவன் 'அவன்' தான். கும்பகோணத்தில் ஒரே தெருவில் வளர்ந்து, 1950-இல் ஒரே நாளில் பள்ளியில் சேர்ந்தோம். அவன் மறைந்த அன்று வாய்க்கரிசி இடப் பங்காளிகளையும் மாமன் மைத்துனரையும் முறைப்படி அழைத்தனர். அந்த வரிசையில் எனக்கு இடமில்லை. அது எவர் குறையும் அன்று, முறை அப்படி. வீடு திரும்பித் தலை முழுகியதோடு என் கடமை முடிந்தது என்றனர் வீட்டார். மனத்திற்கு முடியவில்லை.

குரு சிம்மத்தில் நிற்க, மாசி மகம் கூடும் மகாமகம் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. 1968, 1980, 1992, 2004, 2016 என ஐந்திலும் நாங்கள் சேர்ந்தே புறப்பட்டோம். கூட்டத்தில் பிரியாதிருக்க இருவர் துண்டின் நுனிகளையும் முடிந்துகொள்வது அவன் ஏற்பாடு. 1992-இல் குளக்கரையை நெருங்கும் முன்பே நெரிசலின் போக்கு அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. "வா, திரும்பலாம். காவிரியும் தீர்த்தம்தானே" என்று என்னை இழுத்துக்கொண்டு சக்கரப் படித்துறைக்குச் சென்றான். அன்று குளக்கரையில் பலர் உயிரிழந்த செய்தியை மாலையில்தான் அறிந்தோம். 2016-இல் படியிறங்க இருவர் முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. கரையேறி ஈரத் துண்டைப் பிழிந்தவாறே அவன் சொன்னான்: "அடுத்ததற்கு நம்மில் ஒருவன்தான் வருவான் போலிருக்கிறது. வருகிறவன் மற்றவனுக்கும் சேர்த்து முழுகட்டும்." இருவரும் சிரித்தோம்.

சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கு வாய்த்தது வேறு. திருவஞ்சைக்களத்திலிருந்து அவர் வெள்ளை யானையில் கயிலைக்கு எழுந்தருளியதை உணர்ந்த தோழர் சேரமான் பெருமாள், தம் குதிரையின் செவியில் திருவைந்தெழுத்தை ஓதி உடன் சென்றதாகப் பெரிய புராணம் கூறுகிறது. இருவர்க்கும் ஆடிச் சுவாதியே குருபூசை நாள். அத்தகைய பேறு நம்போன்றோர்க்கு ஏது? ஒருவர் முந்துகிறார், மற்றவர் தங்குகிறார்.

என் மனக்குறையை எங்கள் வீட்டுச் சாஸ்திரிகளிடம் சொன்னேன். அவர் தெளிவாக்கினார். மாத அமாவாசையில் தந்தை வழி, தாய் வழி முன்னோர்க்கே தர்ப்பணம். புரட்டாசி அமாவாசையோடு நிறைவுறும் மகாளய பட்சத்திலோ காருணிக பித்ருக்கள் என்றொரு வகுப்பாரும் நீர் பெறுகின்றனர். பெரியப்பா, சித்தப்பா, உடன்பிறந்தார், அத்தை, மாமன், ஆசாரியன் என நீளும் அந்த வரிசையில் 'சகா', அதாவது தோழன், உண்டு. தன் பிள்ளை செய்தாலும் செய்யாவிட்டாலும், தோழன் கையால் வார்க்கும் எள்ளும் நீரும் அவனைச் சேரும் என்றார். எத்தனை ஆண்டுகளாக அந்தச் சொல்லைக் காதால் கேட்டபடி கடந்திருக்கிறோம்!

"கோத்திரம்?" என்று கேட்டார். அவன் வீட்டில் கோத்திரம் சொல்லும் வழக்கமில்லை; எங்களிடையே அந்தப் பேச்சு எழுந்ததுமில்லை. "காசியப கோத்திரம் என்று சொல்லுங்கள். உயிர்களுக்கெல்லாம் மூலம் காசியபர்தானே" என்றார்.

தோழியரை இழந்த தாய்மார்கள் பலர் இப்பகுதியைப் படிப்பீர்கள். தர்ப்பணம் செய்யும் வழக்கம் உங்களுக்கு இல்லையெனினும், கோயிலில் அவர் பெயர் சொல்லி மோட்ச தீபம் ஏற்றலாம். பசுவிற்கு அகத்திக்கீரை தரலாம். பசித்த ஒருவர்க்கு அன்னமிடலாம். பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் வயதில், அந்தப் பெயரைச் சிறுபருவத்து வழக்கப்படி சொல்ல வேறெவரும் மிஞ்சியிருப்பதில்லை.

செய்தியை அவன் மனைவியிடம் தெரிவித்தேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "அண்ணா, எள்ளு நான் சுத்தம் பண்ணித் தரேன்" என்றார். மகாளயத்திற்கு அந்த எள்தான். 2028 மகாமகத்தின்போது அடியேனுக்கு 83 வயது. இறைவன் திருவுள்ளம் எப்படியோ. படியிறங்கக் கைகொடுக்கப் பேரனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், இரண்டு முழுக்கு என்று.