ஆளுக்கொரு முத்திரையா?

புதுவை ரோடியர் மில் 2020 இல் மூடப்பட்டது. மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் சேதராப்பட்டு, ஓசூர், சென்னை என்று வேலை தேடி அலைகிறார்கள். இப்போது பல பெரிய கம்பெனிகளில் அவர்களிடம் ஒரு கேள்வித்தாளை நீட்டுகிறார்கள். அதில் கணக்கும் இல்லை, கைவேலையும் இல்லை. கூட்டத்தோடு இருக்கப் பிடிக்குமா, தனியாக இருக்கப் பிடிக்குமா? யாராவது எதிர்த்துப் பேசினால் விட்டுக்கொடுப்பாயா? இப்படிப் போகிறது பரீட்சை. முடிவில், "நீ இன்ன ரகம்" என்று முத்திரை விழுகிறது.

இந்த முத்திரையின் பூர்வோத்தரம் என்ன?

இவற்றில் பேர்போனது மையர்ஸ்-பிரிக்ஸ் பரீட்சை. சுவிட்சர்லாந்து டாக்டர் யுங் 1921 இல் எழுதிய நூலை வைத்து, அமெரிக்காவில் காத்தரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் உருவாக்கியது. இருவரும் மனோதத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர்கள் அல்ல. யுத்த காலத்தில் ஆலைக்குள் வந்த பெண்களுக்கு ஏற்ற வேலையைக் காட்டவேண்டும் என்று மகள் விரும்பினார். அந்த விருப்பத்தை நாம் குறைகூறவில்லை. நான்கு அளவுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம், ஆக 16 ரகம். உலக ஜனங்கள் அத்தனை பேரும் 16 பெட்டிக்குள் அடக்கம்! ஆளெடுக்க இதை உபயோகிக்கக் கூடாது என்று அதை விற்கும் கம்பெனியே சொல்கிறது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தவறு எங்கே? நூற்பாலைத் தோழர்களுக்கு இது எளிதில் புரியும். நூலுக்கு 20, 30, 40, 60 என்று நம்பர் உண்டு. ஒரு மேஸ்திரி வந்து, "40-க்குக் கீழே எல்லாம் மோட்டா, மேலே எல்லாம் சன்னம், இரண்டே ரகம்" என்றால் சிரிக்கமாட்டோமா? 39-க்கும் 41-க்கும் மயிரிழை வித்தியாசம்; அவற்றைப் பிரித்துவிட்டு, 41-ஐயும் 100-ஐயும் ஒரே கட்டில் கட்டுகிறான்! மனித சுபாவமும் நூல் நம்பர் மாதிரி ஓடுகிற அளவுதான். ஜனங்களில் பெரும்பாலோர் நடுவில் இருக்கிறார்கள். அதனால்தான் அதே ஆள் சில வாரம் கழித்து அதே பரீட்சையை எழுதினால் பல சமயம் வேறு ரகமாகிவிடுகிறான்.

சுபாவமே பொய் என்று நாம் சொல்லவில்லை. ஆல்போர்ட், ஆட்பெர்ட் என்ற இரு அமெரிக்கர்கள் 1936 இல் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதனை வர்ணிக்கும் சுமார் 18,000 சொற்களைத் திரட்டினார்கள். அந்த வழியில் பின்னால் வந்த ஆராய்ச்சி ஐந்து அளவுகளில் வந்து நின்றது. கலகலப்பு, இணக்கம், பொறுப்பு, மனக்கலக்கம், புதுமை நாட்டம். இதில் பெட்டி இல்லை. அதிகம் குறைவு மட்டுமே. மனோதத்துவ நிபுணர் பலரும் இன்று இதைத்தான் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆனால் இந்த அளவுகோலும் யார் கையில் இருக்கிறது? "இணக்கம் குறைவு" என்ற ஒரு வரி முதலாளிக்குப் போதும். சங்கம் வைப்பவன் என்று கதவைச் சாத்திவிடுவான்.

அதே 1936 இல், ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்ட புதுவை மில் தொழிலாளர் மீது பிரெஞ்சு போலீஸ் சுட்டது. 12 பேர் மாண்டார்கள். அந்த வேலைநிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாம் முன்கோபிகளா? ஆயிரக்கணக்கானோரில் வாயாடியும் இருந்திருப்பார், பேசவே கூசுபவரும் இருந்திருப்பார். சுபாவம் பலவிதம், கூலியும் வேலை நேரமும் எல்லோருக்கும் ஒன்றுதான். இந்த அளவு எந்தக் கேள்வித்தாளிலும் இல்லை.

சங்கத்திலும் "அவன் பயந்த சுபாவம், கமிட்டிக்கு லாயக்கில்லை" என்று பேசுவோர் உண்டு. கூட்டத்தில் வாய் திறக்காத தோழர்தான் சந்தாக் கணக்கைப் பைசா பிசகாமல் வைத்திருப்பார்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். வேலைக்கு ஆள் எடுக்கையில் வேலை தெரியுமா என்று பார்க்கட்டும். சுபாவப் பரீட்சை வைத்தே தீருவோம் என்றால், கேள்விகள் தமிழில் இருக்கவேண்டும். முடிவின் நகல் எழுதியவர் கைக்கு வரவேண்டும். அதைக் காட்டி எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. வருகிற கமிட்டிக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.