777 போட்டா வேலை முடிஞ்சிடுமா?

லேப் சர்வர்ல கிட் ரெப்போ வெச்சு புராஜெக்ட் பண்ற எந்த டீமுக்கும் செமஸ்டர் முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது ‘பெர்மிஷன் டினைடு’ வந்துடும். உடனே பக்கத்து சீட்ல இருந்து வைத்தியமும் வந்துடும்: “சிஹெச்மாட் 777 போடு மச்சி, சரியாயிடும்.” போட்டா அந்த நிமிஷத்துக்கு சரியாகத்தான் செய்யும். அதனாலதான் இந்தப் பழக்கம் சீனியர்கிட்ட இருந்து ஜூனியருக்கு அப்படியே கை மாறிட்டே இருக்கு.

ஒரு ரெப்போ ஒருத்தருக்கு மட்டும் சொந்தமா இருக்கக் கூடாது, ஊருக்கே சொந்தமாவும் இருக்கக் கூடாது, அது டீமுக்குச் சொந்தமா இருக்கணும் என்பது என் கருத்து. அதுக்கான வசதி லினக்ஸ்லயும் கிட்லயும் ரொம்ப நாளாவே இருக்கு. நாமதான் பயன்படுத்துறதில்லை.

முதல்ல, எரர் ஏன் வருது? கமிட்ல எழுதினவர் பேர் இருக்கும். ஆனா ஃபைலோட ஓனர் யார், குரூப் எது என்பதை கிட் பதிவு செய்யறதே இல்லை. பெர்மிஷன்லயும் அது கவனிக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: இந்த ஃபைலை ரன் பண்ண முடியுமா, முடியாதா. அதனால சர்வர்ல இருக்கிற ரெப்போவை யார் தொடலாம், யார் தொடக் கூடாதுன்னு முடிவு பண்றது கிட் இல்லை, லினக்ஸ்.

நாம புஷ் பண்ற ஆப்ஜெக்ட் எல்லாம் சர்வர்ல ‘ஆப்ஜெக்ட்ஸ்’ ஃபோல்டருக்குள்ள போகும். ஹாஷோட முதல் ரெண்டு எழுத்தை வெச்சு அதுக்குள்ள 256 சப்-ஃபோல்டர் வரைக்கும் உருவாகலாம். ஒரு சப்-ஃபோல்டரை முதல்ல உருவாக்குறவர்தான் அதுக்கு ஓனர். வழக்கமான யூமாஸ்க் 022 இருந்தா அது 755ஆ உருவாகும். அதாவது ஓனர் எழுதலாம், மத்தவங்க படிக்க மட்டும்தான் முடியும்.

இப்ப 777 கதைக்கு வருவோம். அந்த கமாண்ட் இன்னைக்கு இருக்கிற ஃபோல்டர்களை மட்டும்தான் திறந்து விடும். நாளைக்கு உங்க டீம்மேட் புஷ் பண்ணும்போது புதுசா ஒரு சப்-ஃபோல்டர் உருவானா, அது மறுபடியும் அவர் பேர்ல 755தான். அடுத்த வாரம் உங்க ஆப்ஜெக்டோட ஹாஷ் அதே ரெண்டு எழுத்துல ஆரம்பிச்சா எரர், வேற எழுத்துல ஆரம்பிச்சா புஷ் போயிடும். “நேத்து போச்சு, இன்னைக்கு போகல, சர்வர்ல ஏதோ கோளாறு” என்று நாம புலம்புறதுக்குப் பின்னாடி பல நேரம் இருக்கிறது இதுதான்.

ரெண்டாவது பிரச்சினை இதைவிடப் பெருசு. ரெப்போக்குள்ள ‘ஹூக்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் உண்டு. புஷ் வரும்போது தானா ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் அதுலதான் இருக்கும். முழு ரெப்போவுக்கும் 777 போட்டா அதுவும் திறந்துடும். சர்வர்ல அக்கவுன்ட் இருக்கிற யார் வேணும்னாலும் அங்க ஒரு ஸ்கிரிப்டை வைக்கலாம். நீங்க அடுத்த தடவை உங்க லாகின்ல புஷ் பண்ணும்போது அது உங்க பேர்ல, உங்க உரிமையோட ஓடும். உங்க ஹோம் ஃபோல்டரையே அழிச்சாலும், அழிச்சது நீங்கன்னுதான் சர்வர் சொல்லும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

இந்த மாதிரி ஆபத்து நிஜம் என்பதாலதான் 2022 ஏப்ரல்ல வந்த 2.35.2 பதிப்புல கிட் ஒரு தடுப்பு வெச்சது. வேற யூசருக்குச் சொந்தமான ரெப்போக்குள்ள போய் கமாண்ட் அடிச்சா கிட் நின்னுடும். ஓனர் யார்னு சந்தேகமா இருக்குன்னு சொல்லும். ஏன்னா ரெப்போவோட கான்ஃபிக் ஃபைலே சில புரோகிராம்களை ஓட வைக்க முடியும். இதுக்கும் நம்ம ஆளுங்க குறுக்கு வழி கண்டுபிடிச்சாச்சு: ‘சேஃப் டைரக்டரி’க்கு நட்சத்திரக் குறி போட்டு எல்லா ஃபோல்டரையும் நம்பச் சொல்றது. நம்புற அந்த ஒரு ரெப்போவோட பாத்தை மட்டும் சேர்த்தாலே போதும்.

சரி, ஒழுங்கான வழி என்ன? லேப் அட்மின்கிட்ட சொல்லி டீமுக்கு ஒரு யூனிக்ஸ் குரூப் உருவாக்கச் சொல்லுங்க. எல்லாரையும் சேர்த்ததும் ஒரு தடவை லாக் அவுட் பண்ணிட்டு உள்ள வாங்க. புது ரெப்போன்னா, ‘கிட் இனிட்’ கூட ‘பேர்’, ‘ஷேர்டு=குரூப்’ ரெண்டு ஆப்ஷனையும் கொடுங்க. பழைய ரெப்போன்னா மூணு வேலை: எல்லா ஃபைலையும் அந்த குரூப்புக்கு மாத்தி எழுதும் உரிமை கொடுக்கணும், ஃபோல்டர்களுக்கு செட்ஜிஐடி பிட் போடணும், ‘கோர் ஷேர்டு ரெப்பாசிட்டரி’யை குரூப்புன்னு வைக்கணும். அதுக்கப்புறம் யார் புஷ் பண்ணாலும் புது ஃபோல்டர் டீமோட குரூப்புலதான் உருவாகும், டீம்ல எல்லாரும் எழுதலாம். ‘ஷேர்டு’ ஆப்ஷனோட உருவாக்கின ரெப்போ ஃபோர்ஸ் புஷ்ஷையும் தானாவே மறுத்துடும். ஒருத்தர் அவசரத்துல மத்தவங்க கமிட்டை அழிக்க முடியாது.

குரூப்ல இருக்கிறவங்களும் ஹூக்ஸ்ல கை வைக்கலாமேன்னு கேட்கலாம். வைக்கலாம்தான். ஆனா அவங்க நாம நம்பி சேர்த்துக்கிட்ட நாலு பேர். சர்வர்ல இருக்கிற மொத்த டிபார்ட்மென்டும் இல்லை.

“இதெல்லாம் எதுக்கு, கிட்ஹப் இருக்கே” என்பது அடுத்த கேள்வி. பெர்மிஷன் எரர் அங்க வராதுதான், ஆனா சொந்தம் யாருக்குன்ற கேள்வி அங்கயும் இருக்கு. பர்சனல் அக்கவுன்ட்ல இருக்கிற ரெப்போவுக்கு ஒரே ஒரு ஓனர்தான். மத்தவங்க எல்லாம் கொலாபரேட்டர். ஓனர் பாஸ் அவுட் ஆகி, வேலைக்குப் போய், ஒருநாள் பழைய ரெப்போக்களை சுத்தம் பண்ணா, ரெண்டு பேட்ச் உழைப்பு கிட்ஹப்ல இருந்து போயிடும். ஆர்கனைசேஷன் உருவாக்கி அதுல ரெப்போவை வெச்சா ரெண்டு, மூணு ஓனர் இருக்கலாம். அதுல ஒருத்தர் எப்பவும் ஜூனியரா இருக்கட்டும்.

ஃபைனல் இயர்ல புராஜெக்டை ஒப்படைக்கும்போது ரிப்போர்ட், பிபிடி, டெமோ வீடியோ எல்லாம் கேட்கிறாங்க. ரெப்போ யார் கையில இருக்குன்னு யாரும் கேட்கிறதில்லை. ரிவ்யூ ஷீட்ல அதுக்கும் ஒரு வரி சேர்க்கலாம். அது வர்ற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். இந்த வருஷம் கிளம்புற டீம்கள் போறதுக்கு முன்னாடி ஜூனியர் ஒருத்தரை அந்த குரூப்ல சேர்த்து, அவர் லாகின்ல இருந்து ஒரு புஷ் போகுதான்னு பார்த்துட்டுப் போங்க.