யார் பாட்டைச் சேர்ப்பது?

நம் சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி உறுப்பினர் இல்லங்களிலிருந்து கவிதைகள் திரட்டி ஒரு சிறு தொகுப்பு வெளியிடக் கருதியிருப்பதாக முன்னர் எழுதியிருந்தோம். நேயர்கள் மனமுவந்து அனுப்பினர். நிக்டி, ஆகுர்டி, சிஞ்ச்வட், தேஹு ரோடு ஆகிய இடங்களிலிருந்து 42 பாடல்கள் வந்து சேர்ந்தன. மூவர் கூடிப் படித்தோம். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: பாடல் தமிழில் இருத்தல் வேண்டும். 41 பாடல்கள் அந்த நிபந்தனைக்கு உட்பட்டிருந்தன. எஞ்சிய ஒன்று, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மராத்தியில் எழுதியது. அதனைத் தனியே எடுத்து ஒதுக்கி வைத்த கை வேறு எவருடையதும் அன்று, நம்முடையதே.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பெண்ணின் தந்தை நம் இல்லத்துக்கு வந்தார். போசரியில் ஒரு பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓட்டுபவர், சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், வயதில் நமக்கு மூத்தவர். ‘ஏன் சேர்க்கவில்லை’ என்று கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணி, விடையை மனத்துக்குள் ஒழுங்கு செய்து வைத்துக்கொண்டோம். அவர் கேட்டதோ வேறு. “தம்பி, பிள்ளை என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள். எனக்கு மராத்தி பேச வரும், படிக்க வராது. அவளைக் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.”

நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்தவர். எனினும் பார்சல் ஆபீசில் பன்னிரண்டு ஆண்டுகள் விலாசம் படித்த பழக்கத்தால் நாகரி எழுத்து தட்டாமல் வரும். ஆதலின் அத்தாளை எடுத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னோம். பாட்டில் வருவது காய்கறிச் சந்தை. ஊரிலிருந்து வந்த மூதாட்டி முருங்கைக்காய் கேட்கிறாள். கடைக்காரிக்குத் தமிழ் தெரியாது. மூதாட்டிக்கு மராத்தி தெரியாது. இருவரும் விரல்களாலேயே விலை பேசி, விரல்களாலேயே சண்டையும் இட்டு, முடிவில் கடைக்காரி ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் திணித்துவிடுகிறாள். மறுநாளும் மூதாட்டி அதே கடைக்குத்தான் போகிறாள். அவ்வளவே பாட்டு. ஆனால் மராத்தியில் ‘ஆஜி’ என்று எழுதவேண்டிய இடங்களில் எல்லாம் அப்பெண் நாகரி எழுத்தில் ‘பாட்டி’ என்றே எழுதியிருந்தாள். முதல் நாள் படித்தபோது அந்தச் சொல் நம் கண்ணில் படவே இல்லை. மொழியைப் பார்த்தோம், தாளை ஒதுக்கினோம்.

“எங்க அம்மாவைப் பற்றியா?” என்றார் அவர். அந்த அம்மையார் ஊருக்குத் திரும்பி ஓராண்டாகிறது. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. காப்பி அருந்திவிட்டுச் சென்றார். அதன்பின் நமக்குத்தான் உறக்கம் பிடிக்கவில்லை.

தொகுப்பு என்பது தமிழனுக்குப் புதிய சரக்கு அன்று. சங்க இலக்கியம் நம் கைக்கு வந்ததே எட்டுத்தொகை, பத்துப்பாட்டு என்ற தொகைகளாகத்தான். குறுந்தொகையை எடுத்துக்கொள்வோம். பூரிக்கோ என்பார் தொகுத்தது, டாக்டர் உ. வே. சாமிநாதையர் விரிவான உரையுடன் 1937-இல் பதிப்பித்தது. கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள்; பாடியோர் 205 பேர். அவர்கள் யார் யார் என்று பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் ஒரு பெரிய ஊரின் கடைத்தெருவில் நடப்பது போல இருக்கிறது. துணி விற்ற மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் இருக்கிறார்; மதுரைப் பெருங்கொல்லன் இருக்கிறார்; கச்சிப்பேட்டு நன்னாகையார், வெள்ளிவீதியார் முதலிய பெண்பாற் புலவர் இருக்கின்றனர். மதுரை எழுத்தாளன் சேந்தம்பூதனார் என்று ஒருவர். எழுத்து வேலையே பிழைப்பாக இருந்தவர் போலும். குமாஸ்தாவாகிய நமக்கு அவர்மேல் ஒரு தனிப் பற்று உண்டு என்பதை மறைப்பானேன்?

இவர்களுக்கிடையே ஆரிய அரசன் யாழ்ப் பிரமதத்தன் என்று ஒருவர் அமர்ந்திருக்கிறார். வடபுலத்தவர் என்பது பெயரிலேயே தெரிகிறது. தமிழில் பாடினார், தொகுத்தவர் சேர்த்துக்கொண்டார். பெயரை மாற்றவும் இல்லை, ‘ஆரிய’ என்ற அடையை மறைக்கவும் இல்லை. இன்னும் வியப்பு, பாடியவர் பெயரே தெரியாது போன பாடல்களைத் தொகுத்தோர் கைவிடாமை. பாட்டில் உள்ள ஓர் அழகிய தொடரையே எடுத்துப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்பன அப்படி வந்த பெயர்களே. நாமோ, பெயரும் விலாசமும் வகுப்பும் பிரிவும் தெளிவாக எழுதி அனுப்பிய பெண்ணின் தாளை ஒதுக்கினோம்.

ஆனால் பிரமதத்தன் தமிழில் அன்றோ பாடினான் என்று நேயர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு நாம் இப்போது வாழும் மண்ணின் பழைய தொகை ஒன்றை நோக்கவேண்டும். கோதாவரிக் கரையில் பைட்டணில் இருந்து ஆண்ட சாதவாகனரில் ஹாலன் என்ற அரசன் தொகுத்ததாகச் சொல்லப்படுவது ‘காதா சப்தசதி’. கோடிப் பாடல்களிலிருந்து 700 தெரிந்தெடுத்தான் என்று அந்நூலே பெருமை பேசுகிறது. மொழி வடமொழி அன்று, மகாராஷ்டிரப் பிராகிருதம். பாடுவோரும் பாடப்படுவோரும் பெரும்பாலும் உழவர், வேடர், வழிப்போக்கர், கணவனைப் பிரிந்து காத்திருக்கும் மனைவியர். நம் அகப்பாடல்களோடு அவற்றுக்குள்ள ஒப்புமையை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். நம் பழம்புலவரோ வேங்கடத்துக்கு அப்பால் உள்ள நாட்டை மொழி மாறும் நாடு என்று கூறித் தலைவனை அங்கே பொருள் தேட அனுப்பினர். அந்த அப்பால் நாட்டில்தான் இன்று நாம் மாதச் சம்பளம் வாங்குகிறோம்!

அச்சாதவாகனர் சிலர் வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் ஒருபுறம் பிராகிருதமும் மறுபுறம் தமிழை ஒத்த தென்மொழியும் பொறிக்கப்பட்டுள்ளன என்பர் நாணய ஆய்வாளர். காதா சப்தசதியைத் தமிழில் தந்தவர்களுள் ஒருவர் இராசபாளையத்து மு. கு. ஜகந்நாதராஜா, அவருடைய தாய்மொழி தெலுங்கு. மராத்தியரின் பழஞ்செல்வத்தைத் தெலுங்கர் ஒருவர் தமிழருக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

இவை பழங்கதை, இக்காலத்தில் பல மொழியாரை ஒரே நூலில் யார் அமர்த்துகிறார்கள் எனின், நம்மைப்போலவே பிழைப்புக்காகக் கடல் கடந்த தமிழர் வாழும் சிங்கப்பூரைக் காட்டலாம். அங்கே 1985-இல் ‘சிங்கப்பூரின் கவிதை’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் ஒரு பெருந்தொகுதி வெளிவந்தது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிக் கவிஞரும் அதில் உளர். அதன் பதிப்பாசிரியருள் முதன்மையானவர் எட்வின் தம்பு; தந்தை தமிழர், தாய் சீனர், அவர் எழுதுவதோ ஆங்கிலத்தில். 2009-இல் வந்த மற்றொரு தொகுதிக்கு அவரோடு மொழிக்கொருவராகப் பதிப்பாசிரியர் அமர்ந்தனர். தமிழுக்கு அமர்ந்தவர் க. து. மு. இக்பால், 1940-இல் கடையநல்லூரில் பிறந்தவர். வங்கிப் பணி செய்துகொண்டே பாட்டெழுதி, 2014-இல் அந்நாட்டின் கலாசாரப் பதக்கம் பெற்றவர். அதே 2014-இல் அங்கே வெளிநாட்டுத் தொழிலாளருக்கென ஒரு கவிதைப் போட்டி தொடங்கிற்று. முதலில் வங்காள மொழியார் மட்டும். பின்னர்த் தமிழரும் பிறரும் சேர்க்கப்பட்டனர்.

இத்தகைய தொகுதிகளில் ஓர் இடர் இருப்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு மொழியாரும் தத்தம் பக்கங்களை மட்டும் புரட்டிவிட்டு நூலை மூடிவிடுதல் மிக எளிது. எதிர்ப்பக்கத்தில் மொழிபெயர்ப்பு இல்லையாயின், ஒரே அட்டைக்குள் நான்கு தனி நூல்களே இருக்கும். இங்கே நம் ரயில் நிலையப் பெயர்ப் பலகையில் மராத்திக்கென ஒரு முறையும் இந்திக்கென ஒரு முறையும் ஒரே பெயரை ஒரே நாகரியில் எழுதியிருப்பார்கள். அதனால் யாருடைய மராத்தியும் வளர்ந்ததாகத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் தேர்வுக் குழுவில் எடுத்துரைத்தோம். குழுவில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் உடன்படவில்லை. “இன்று ஒரு மராத்திப் பாட்டு, பத்தாண்டு கழித்து நாற்பது மராத்திப் பாட்டும் இரண்டு தமிழ்ப் பாட்டும் வரும். அப்போது சங்கத்துக்குத் தமிழ்ச் சங்கம் என்ற பெயர் எதற்கு?” என்றார். இவ்வச்சம் வீண் என்று நாம் கூறத் துணியோம். நம் மகனே கணக்கை மராத்தியில்தான் கூட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சென்ற ஆண்டு 23 பிள்ளைகள் இருந்தனர். இவ்வாண்டு 14 பேர். கதவை அகலத் திறந்தால் உள்ளிருப்பதும் வெளியே போய்விடுமோ என்ற கவலை நமக்கும் உண்டு.

ஆனால் அப்பெண் நம் நிபந்தனையால் தமிழில் எழுதத் தொடங்கினாளா? இல்லை. தமிழ் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். 23 என்பது 14 ஆனதில் அவளும் ஒருத்தி.

இரண்டு மணி நேரம் வாதிட்டபின் ஆசிரியரே ஒரு வழி சொன்னார். பிற மொழியில் எழுதிய பாட்டு அம்மொழி எழுத்திலேயே இடப்பக்கம் வரலாம். வலப்பக்கம் தமிழாக்கம் வரவேண்டும். அந்தத் தமிழாக்கத்தை நாமோ அவரோ செய்தல் கூடாது. அவ்வீட்டுப் பெரியவர் ஒருவர் பிள்ளையோடு உடனிருந்து செய்யவேண்டும். குழு ஒப்பியது.

சென்ற புதன்கிழமை மாலை அத்தந்தையை ஆகுர்டி நிலையத்தில் கண்டோம். பாதி முடிந்திருக்கிறதாம். சந்தைச் சண்டையில் கடைக்காரி பேசும் ஒரு மராத்திச் சொல்லுக்குத் தமிழ் அகப்படாமல், ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து அம்மையாரையே கேட்டார்களாம். அவள் என்ன சொன்னாள் என்பது தமக்கு விளங்கவே இல்லை, ஆனால் தாம் திருப்பிச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது என்று கூறி அம்மையார் அதனை உரைத்தாராம். அது அச்சேறுமா என்பது குழுவின் முன் உள்ள அடுத்த கேள்வி.

பிற மொழியில் எழுதும் பிள்ளைகள் உள்ள இல்லத்தார், மேற்கூறிய முறைப்படி தமிழாக்கத்துடன் இத்திங்கள் இறுதிக்குள் அனுப்புக. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுக. நாகரி எழுத்தில் அச்சிட அச்சகத்தார் கூடுதல் கட்டணம் கேட்கவில்லை.