220-ல் இருந்து வயதைக் கழிச்சா உங்க இதயம் வந்துடாது

போன செமஸ்டர்ல நானும் என் ரூம்மேட்டும் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தோம். ரெண்டு பேருக்கும் 21 வயசு. ஆஃபர்ல சேர்ந்து வாங்கின ஒரே மாடல் ஸ்மார்ட்வாட்ச். அது வயசைக் கேட்டுச்சு, சொன்னோம். ரெண்டு பேருக்கும் ஒரே ஹார்ட் ரேட் ஸோன்களைப் போட்டுக் கொடுத்துச்சு. அதிகபட்சத் துடிப்பு 199. ஈஸியா ஓட வேண்டிய ஸோன் 2, 119 முதல் 139 வரை.

மூணு வாரத்துல அவன் ஓடுறதையே விட்டுட்டான். கிரவுண்டை மெதுவா சுத்தும்போது முந்தின நாள் பார்த்த படத்தோட கதையைச் சொல்லிக்கிட்டே வருவான். வாட்ச் 160 காட்டி, ஸோன் 4னு கையில அதிரும். உடனே நடக்க ஆரம்பிச்சுடுவான். "எனக்கு ஹார்ட்ல ஏதோ பிரச்சினை போலடா" என்று ஒருநாள் சீரியஸாவே சொன்னான். டாக்டர் இசிஜி எடுத்துப் பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னு அனுப்பிட்டார். ஆனா பயம் போகல.

எனக்கு நேர் எதிர். ஸோன் 5 தொடணும்னா 179 தாண்டணும்னு வாட்ச் சொல்லும். உயிரைக் கொடுத்து ஓடினாலும் 176-லயே நிக்கும். சோம்பேறின்னு என்னையே திட்டிக்கிட்டு இன்னும் விரட்டினேன். முழங்காலுக்குக் கீழ எலும்பு வலி வந்து பத்து நாள் ரெஸ்ட்.

தப்பு எங்க மேல இல்ல. ஒரு சராசரியை எடுத்து தனி மனுஷன் மேல ஸ்பெக் மாதிரி ஒட்டினதுலதான் தப்பு.

'220 கழித்தல் வயது' எங்கிருந்து வந்துச்சுன்னு தேடினா, 1971-ல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் ஆகியோர் எழுதின ஒரு கட்டுரையில போய் நிக்குது. அது உடற்பயிற்சியும் இதய நோய்த் தடுப்பும் பற்றிய கட்டுரை. ஏற்கெனவே வெளிவந்த தரவுகளை வச்சு தோராயமா போட்ட கோடு அது. ஓட்டக்காரனுக்கு ஸோன் பிரிக்க யாரும் அதைப் போடல. 2001-ல் டனாகா குழு 351 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 208-ல் இருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னாங்க. நம்ம வயசுக்கு அது சுமார் 193. இது கொஞ்சம் நல்ல ஃபார்முலாதான். ஆனா இதுக்கும் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் சுமார் 10 துடிப்பு. ஸ்டாட்ஸ் பேப்பர்ல அரியர் வச்சவனுக்கும் இதுக்கு அர்த்தம் தெரியும்: 21 வயசுக்காரங்கள்ல 175-ம் நார்மல்தான், 210-ம் நார்மல்தான்.

ஒரு சீனியர்கிட்ட செஸ்ட் ஸ்ட்ராப் கடன் வாங்கி நாங்க அளந்து பார்த்தோம். நல்லா வார்ம் அப் பண்ணிட்டு, மூணு நிமிஷ வேக ஓட்டம் மூணு தடவை. கடைசி தடவை இருக்கிற எல்லாத்தையும் போட்டு. அவனுக்கு 208. எனக்கு 184. காலையில எழுந்ததும் பார்த்த ஓய்வுத் துடிப்பு அவனுக்கு 70, எனக்கு 52.

இதை வச்சு கார்வோனன் முறையில ஸோன் போடலாம். அதிகபட்சத்துல இருந்து ஓய்வுத் துடிப்பைக் கழிச்சு, மிச்சத்துல 60 முதல் 70 சதவீதம் எடுத்து, ஓய்வுத் துடிப்பைத் திரும்பக் கூட்டணும். அவனோட ஈஸி ஸோன் 153 முதல் 167. என்னோடது 131 முதல் 144. ஆக, 160-ல் கதை சொல்லிக்கிட்டு ஓடினவன் சரியாத்தான் ஓடியிருக்கான். நான் துரத்தின 179, என் அதிகபட்சத்துல 97 சதவீதம்.

"தொடங்குறவனுக்கு ஏதோ ஒரு நம்பர் வேணும்லடா"ன்னு சிலர் சொல்வாங்க. எனக்கு இது ஒப்புக்க முடியல. தொடங்குறவன்தான் நம்பரை அப்படியே நம்புவான். அனுபவசாலி தூக்கிப் போட்டுட்டு ஓடுவான். அதுவும் மணிக்கட்டு சென்சார் சில சமயம் காலடி எண்ணிக்கையையே துடிப்புன்னு காட்டும். வெயிலும் சேர்ந்துக்கும்: டிசம்பர்ல எனக்கு 140 வந்த அதே வேகம், மே மாசம் 152.

தொடங்குறவனுக்கு வாட்சே வேணாம். ஓடும்போது முழு வாக்கியமா பேச முடியுதா? அது ஈஸி. ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல வரலையா? அது கஷ்டமான ஓட்டம். பெரும்பாலான நாள் முதல் வகையில ஓடினாப் போதும். நம்பர் வேணும்னா பிறகு அளந்து, வாட்ச் செட்டிங்ஸ்ல கையால போடுங்க. நெஞ்சு வலி, மயக்கம், குடும்பத்துல சின்ன வயசுல இதய நோய் இருந்தா டாக்டரைப் பார்க்காம அந்த டெஸ்டைத் தொடாதீங்க.

ஃபர்ஸ்ட் இயர் லேப்ல ஜீரோ எரர் பார்க்காம வெர்னியர் ரீடிங் எழுதினா அப்சர்வேஷன் நோட்டைத் தூக்கி எறிவாங்க. அதே கேம்பஸ் ஜிம் சுவர்ல '220 கழித்தல் வயது' சார்ட் வருஷக்கணக்கா தொங்குது. அதைக் கழட்டிட்டு அந்த இடத்துல "பேச முடியுதா?"ன்னு ரெண்டே வார்த்தை எழுதி ஒட்டுங்கன்னு ஜிம் பொறுப்பாளர்கிட்ட கேட்டிருக்கேன்.

ரூம்மேட் போன வாரம் ஷூவைத் தூசி தட்டி எடுத்தான். வாட்ச் சார்ஜர்லயே கிடக்கு. படக்கதை மறுபடி ஆரம்பிச்சிருக்கு.