பெட்ரோலும் திரியும்!

"பெட்ரோல் என்ன பாலாடா, திரிஞ்சு போறதுக்கு?"

இப்படிக் கேட்டவர் என் சித்தப்பா. கேட்டது 2021 நவம்பரில், ஒரு கொட்டும் மழை இரவில். நான் அப்போது பத்தாம் வகுப்பு. எங்கள் ஊர் ஆற்றங்கரை ஊர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஊரில் வசூல் செய்து ஒரு சின்ன ஃபைபர் படகும், பின்னால் மாட்டும் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரும் வாங்கி வைத்திருந்தார்கள். அன்று ராத்திரி தெற்குத் தெரு முழுக்கத் தண்ணீர். அங்கே ஒரு அக்காவுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. படகை இறக்கினார்கள். சித்தப்பா கயிற்றை இழுத்தார். ஸ்டார்ட் ஆகவில்லை. இன்னொருவர் இழுத்தார். ஆகவில்லை. ஆள் மாற்றி ஆள் இழுத்துத் தோள் வீங்கியதுதான் மிச்சம்.

நான் சும்மா இருக்காமல், "சித்தப்பா, பெட்ரோல் எப்ப போட்டது?" என்றேன்.

"போன மழைக்குப் போட்டது. டேங்கு பாதிக்கு மேல அப்படியே கிடக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் அந்தப் பால் கதையைக் கேட்டார்.

கடைசியில் மூங்கில் கழி போட்டுத் தள்ளித்தான் போனார்கள். பதினைந்து நிமிஷ வேலைக்கு ஒன்றரை மணி நேரம். தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம். எங்கள் ஏற்பாட்டுக்கு அதில் பங்கு ஒன்றுமில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு மோட்டாரைக் கழற்றினார் டவுனில் இருக்கும் மெக்கானிக் அண்ணன். கார்புரேட்டர் கிண்ணத்தில் பழுப்பாக, கோந்து காய்ந்த மாதிரி ஒரு படிவு. ஜெட்டில் இருக்கும் ஊசித் துவாரம் அடைத்துப் போயிருந்தது. டேங்கில் இருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் காட்டினார். மேலே ஒரு நிறம், அடியில் வேறு ஒரு நிறம். நடுவே கோடு போட்ட மாதிரிப் பிரிந்து நின்றது. "பாத்தீங்களா, திரிஞ்சு போச்சு" என்றார். சித்தப்பா வாயைத் திறக்கவில்லை!

நண்பர்களே, நான் ஆட்டோமொபைல் பிரிவில் சேர்ந்ததற்கு அந்த பாட்டிலும் ஒரு காரணம். இந்த மூன்று வருஷத்தில் நான் கற்றதை வைத்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் லேசானவை முதலில் ஆவியாகிப் பறந்துவிடும். எஞ்சின் சட்டென்று பற்றிக்கொள்வது அந்த லேசான பகுதியால்தான். அது போன பிறகு மிச்சம் இருப்பது சோம்பேறிப் பெட்ரோல். அடுத்து, காற்றில் உள்ள ஆக்சிஜன் மீதியோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பசையை உண்டாக்குகிறது. ஜெட்டை அடைப்பது இந்தப் பசைதான். மூன்றாவது எத்தனால். நம் நாட்டில் 2022 ஜூனில் பத்து சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. 2025-ல் அது இருபது ஆனது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கொஞ்சம் தண்ணீர் என்றால் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலுமாகச் சேர்ந்து பிரிந்து, டேங்கின் அடியில் போய் உட்காரும். எஞ்சினுக்குப் போகும் குழாய் எங்கிருந்து உறிஞ்சுகிறது? அதே அடியிலிருந்துதான்!

டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு இது இன்னும் மோசம். அதில் பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் பிஸ்டனுக்கு வழவழப்பு. அடியில் பிரிந்து நிற்கும் அந்தத் தண்ணீர்க் கலவையில் ஆயில் கரையாது. ஜெட் பாதி அடைத்திருந்தாலும் பெட்ரோல் குறையும். அதோடு ஆயிலும் குறையும். தப்பித் தவறி ஸ்டார்ட் ஆனாலும் நடு வெள்ளத்தில் பிஸ்டன் பிடித்து நின்றுவிடலாம். கரையில் நின்று போவதைவிட அது ஆபத்து.

அமெரிக்காவில் மினசோட்டா போன்ற மாநிலங்களிலும், கனடாவிலும் பனிக்காலத்தில் ஏரிகளே உறைந்துவிடும். அங்கே அக்டோபர் வாக்கில் படகைக் கரையேற்றி மூடி வைத்தால், மறுபடி இறக்க ஏப்ரல், மே ஆகும். எனவே படகு வைத்திருக்கிற எல்லோருக்கும் வசந்த காலத்தில் ஒரே கேள்வி: போன வருஷப் பெட்ரோலை ஓட்டலாமா, கூடாதா? அங்கே அதற்கென்று ஒரு பழக்கமே இருக்கிறது. மூடி வைப்பதற்கு முன்பே பெட்ரோல் கெடாமல் இருக்க ஸ்டெபிலைசர் என்ற மருந்தைச் சேர்த்து, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேரும்படி கொஞ்ச நேரம் எஞ்சினை ஓட்டுவார்கள். எத்தனால் கலக்காத பெட்ரோலைப் படகுக்கென்று தேடி வாங்குகிறவர்களும் உண்டு.

"அது பனி தேசம், நமக்கென்ன?" என்று கேட்காதீர்கள். நமக்கும் ஒரு சேமிப்புக் காலம் உண்டு. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்கிறது. ஜனவரியில் ஷெட்டில் ஏற்றிய படகை அடுத்த அக்டோபரில்தான் தேடுகிறோம். அவர்களுக்குக் குளிரில் ஆறு ஏழு மாதம். நமக்கு வெயிலில் ஒன்பது மாதம்! சூடு ஏற ஏற ரசாயன மாற்றம் வேகமாகும் என்பது முதலாமாண்டு கெமிஸ்ட்ரி. தகரக் கொட்டகையில் சித்திரை, வைகாசி வெயிலில் கிடக்கும் பெட்ரோல் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

2015 டிசம்பரில் சென்னையில் மீனவர்கள் தங்கள் படகுகளை ஊருக்குள் கொண்டுவந்து மக்களை மீட்டார்கள். 2018-ல் கேரளத்திலும் அதே கதை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்து தூத்துக்குடி மாவட்டமே மிதந்தபோதும் மீனவர் படகுகள் வந்தன. அவர்கள் வீரத்தைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் ஒரு மெக்கானிக் கண்ணோடும் பாருங்கள். அவர்களது எஞ்சின் தொழிலுக்கு ஓடுகிற எஞ்சின். அதில் நேற்று ஊற்றிய எரிபொருள் இருக்கும். நம் ஷெட்டில் தூங்கும் படகில் இருப்பது போன வருஷத்து மிச்சம். ஆபத்துக்கென்று வாங்கி வைத்தது ஆபத்தில் நின்றுபோவதற்கு இது ஒன்றே போதும்.

எனவே என் கருத்தைப் பளிச்சென்று சொல்கிறேன். மீட்புப் படகில் பழைய பெட்ரோலை உபயோகிக்கவே கூடாது. "இருபது லிட்டரை வீணாக்கச் சொல்றியா? லிட்டர் நூறு ரூபாய்ப்பா!" என்பவர்களுக்கும் பதில் உண்டு. வீணாக்கச் சொல்லவில்லை, வீணாவதற்கு முன் செலவழிக்கச் சொல்கிறேன். மழை ஓய்ந்ததும் ஜனவரியிலேயே டேங்கைக் காலி செய்யுங்கள். ஆயில் கலக்காததை யார் வண்டியிலாவது ஊற்றிவிடலாம். ஆயில் கலந்ததை ஊரில் இருக்கும் பவர் ஸ்பிரேயருக்குக் கலப்பு விகிதம் பார்த்துக் கொடுக்கலாம். பிறகு மோட்டாரின் கீழ்ப்பகுதியை ஒரு டிரம் தண்ணீரில் இறக்கி, பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் வற்றி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் பம்பின் இறக்கை கருகிவிடும், ஜாக்கிரதை. செப்டம்பர் கடைசியில் புதுப் பெட்ரோல் வாங்கி, டப்பாவின் மேல் தேதி எழுதி வையுங்கள். மழைக்காலம் முழுக்க வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பாருங்கள். மோட்டாரோடு வந்த புத்தகத்தையும் புரட்டுங்கள். பல கம்பெனிகள் பத்து சதவீத எத்தனால் வரைதான் சம்மதம் சொல்லியிருக்கின்றன. அப்படிப்பட்ட மோட்டாருக்கு என்ன ஊற்றுவது என்று விற்றவர்களிடம் கேட்டு வாங்குவது நம் உரிமை.

ஏற்கெனவே பழசாகிக் கிடப்பதை என்ன செய்வது? கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, புதுசோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் கறுத்து, வார்னிஷ் போலப் புளித்த வாடை அடித்தாலோ, அடியில் தனியாகப் பிரிந்து நின்றாலோ, அதை எந்த எஞ்சினிலும் ஊற்றாதீர்கள். அதன் தலையில் புதுசை ஊற்றினால் புதுசும் கெடும். சாக்கடையில் கொட்டாதீர்கள், ஒரு பீடி நெருப்பு போதும். ஸ்டவ்வில் மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். அது உயிரை எடுக்கும். தனி டப்பாவில் பெயர் எழுதி, கழிவு எண்ணெய் எடுக்க அனுமதி பெற்றவரிடம் சேர்ப்பதே முறை.

இதில் நமக்கு என்ன வேலை என்கிறீர்களா? நமக்குத்தான் வேலை! ஒவ்வொரு செப்டம்பரிலும் நம் மாணவர் மன்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கட்டும். ஆட்டோமொபைல், மெக்கானிக்கல் நண்பர்கள் நாலு நாலு பேராகச் சுற்றுவட்டாரத்துக்குப் போகட்டும். படகு மோட்டார், ஆஸ்பத்திரியின் பெட்ரோல் ஜெனரேட்டர், தண்ணீர் இறைக்கும் பம்பு செட் எல்லாவற்றையும் ஸ்டார்ட் செய்து பார்க்கட்டும். கையில் ஒரு ஸ்பேனர் செட்டும், ஒரு கண்ணாடி பாட்டிலும் போதும். ரத்த தானம் செய்கிறோம், மரம் நடுகிறோம், நல்லதுதான். ஆனால் ஜெட் கிளீன் செய்யத் தெரிந்தவன் செய்யக்கூடிய சேவை ஒன்று தனியாக இருக்கிறதே! நாம் வாங்கப்போகும் டிப்ளமாவுக்கு அதைவிட நல்ல வைவா எங்கே கிடைக்கும்?

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். தலைக்கு மேல் போகுமுன் ஒரு டேங்கைக் காலி செய்தால், அந்தப் பேச்சுக்கே இடமிருக்காது.

சித்தப்பா இப்போதெல்லாம் ஜனவரியில் எனக்கு முன்னாலேயே டேங்கைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். "பால்காரன் வந்துட்டான்" என்று என்னைக் கேலி வேறு! கேலி பரவாயில்லை. மோட்டார் முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆகிறது.

செப்டம்பர் ஞாயிறுக்கு யார் யார் வருகிறீர்கள், சொல்லுங்கள்!

- மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு