அரச உத்தியோகத்தர் மீது கை வைத்தால்

டெங்கு பரிசோதனைக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கடமை நேரத்தில் தாக்கினால் என்ன நடக்கும்? தண்டனைச் சட்டக்கோவையின் 344ஆம் பிரிவின்படி 2 வருடங்கள் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். 1883ஆம் ஆண்டின் சட்டம் அது.

ஆனால் கல்முனைப் பகுதியில் இப்படியான பிரச்சினைகள் பெரும்பாலும் நீதிமன்றப் படி ஏறுவதில்லை என்பதே என் அவதானம். ஊர்ப் பெரியவர்கள் கூடி 'சமாதானம்' பேசி முடிப்பார்கள். அடிபட்டவர் இடமாற்றம் கேட்டுப் போவார். அடுத்து வருபவர் அந்த வீதிக்குள் நுழையவே தயங்குவார். நுளம்பு பெருகும்; காய்ச்சலில் படுப்பது நமது பிள்ளைகள்.

மக்களை அலைக்கழிக்கும் உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள்தான். அவர்கள் மீது மேலதிகாரியிடம் முறையிடலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய காரியாலயம் கல்முனையிலேயே இருக்கிறது. கையோங்க மட்டும் யாருக்கும் உரிமை இல்லை. இருக்கும் சட்டத்தை ஆள் பார்க்காமல் பொலிஸார் அமுல்படுத்தட்டும். சமாதானம் பேசுவோர் சற்று ஒதுங்கி நிற்கட்டும்.